பெண் வீட்டுச் செடி

சிவசுப்ரமணியன் வீட்டில் ஏசி ஒன்றுதான். அது செடிகளுக்கு. மனிதர்கள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொள்வார்கள்.

இதை ஊர் நம்பாது. ஏனென்றால் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனுக்குப் போகும் தெருவில் ஏசி கடை வைத்திருப்பவரே அவர்தான். புதியது விற்பார், பழையதை ரிப்பேர் செய்வார், தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் அரித்துப் போன கன்டென்சர்களைக் கழற்றி எடுத்து வருவார். ஊரில் பாதிப் படுக்கையறைகளைக் குளிர வைத்த மனிதர், கத்திரி வெயிலில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் புரண்டுகொண்டிருப்பார். அவர் மனைவி கார்த்யாயினி இதற்காக முதலில் சண்டை போட்டாள், பிறகு அழுதாள், பிறகு உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தாள். இப்போது யாராவது படுக்கையறைக் கதவைக் காட்டிக் கேட்டால், “உள்ள அவுங்க இருக்காங்க, மெதுவா பேசுங்க” என்று சொல்வதோடு சரி.

அவுங்க என்பது ஸ்லிப்பர் ஆர்கிட்டுகள். மற்ற ஆர்கிட் மாதிரி கொத்தாகப் பூக்காது. ஒரு தண்டு, ஒரு பூ. கீழ் இதழ் செருப்பின் முன்பக்கம் போல் குழிந்து பை மாதிரி தொங்கும். ஈ அதற்குள் விழுந்து, வெளியே வர வழி தேடி, பின்பக்க இடுக்கு வழியாக நெருக்கியடித்துக்கொண்டு வெளியேறும்போது மகரந்தத்தைப் பூசிக்கொண்டு போகும். செருப்பு மாதிரி இருப்பதால் சாமிக்கு ஆகாது. வாசனை இல்லாததால் தலைக்கும் ஆகாது. சாமிக்கும் ஆகாமல் தலைக்கும் ஆகாமல் ஒரு பூ எதற்கு என்று கார்த்யாயினி கேட்டதற்கு அவர் இன்றுவரை பதில் சொல்லவில்லை. கடலூர்த் தண்ணீரின் உப்பு அந்த வேருக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தார். அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தப் பைத்தியம் தனக்கு மட்டும்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு பல் மருத்துவர் வீட்டு ஏசியைப் பார்க்கப் போனார். மருத்துவர் பெயர் பஞ்சநாதம். கீழே கிளினிக், மேலே வீடு. கிளினிக் மேஜையின் மேல், ஒரு பிளாஸ்டிக் பல்செட்டுக்குப் பக்கத்தில், பச்சைக் கோடுகள் ஓடிய வெள்ளை ஸ்லிப்பர் ஆர்கிட் ஒன்று நின்றது. சிவசுப்ரமணியன் அதைப் பார்த்தார். பஞ்சநாதம் அவர் பார்ப்பதைப் பார்த்தார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த பேஷண்டை இருவரும் சற்று நேரம் மறந்துவிட்டார்கள்.

சிவசுப்ரமணியனிடமும் ஒரு பச்சை-வெள்ளை இருந்தது. ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது. இரண்டையும் சேர்த்தால் இதுவரை யாரும் பார்க்காத பெரிய வெள்ளை வரும் என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். வேலையும் தானாகவே பிரிந்துகொண்டது. குளிர் அறை கடலூரில். கொதிநீராவிப் பாத்திரம் சிதம்பரத்தில். ஆர்கிட் விதை மூக்குப்பொடியை விட மெல்லியது. மண்ணில் போட்டால் முளைக்காது. கடல்பாசி, இளநீர், வாழைப்பழம் கலந்த கூழைப் புட்டியில் ஊற்றி, கிருமி ஒன்றுகூட இல்லாமல் வேகவைத்து, அதற்குள் தூவ வேண்டும். காலையில் கடைவாய்ப்பல் பிடுங்கிய குறடுகள் வெந்த அதே பாத்திரத்தில் மத்தியானம் புட்டிகள் வெந்தன. பேஷண்டுகளுக்கு இது தெரியாது.

தாய்ச்செடி கடலூரில் இருந்தது, மகரந்தம் சிதம்பரத்திலிருந்து வந்தது. ஒரு முகூர்த்த நாளில், பல் குத்தும் குச்சியின் நுனியில் மகரந்தத்தை ஒட்டி, பல்லுக்கு மாட்டும் கேப் வரும் சின்ன டப்பாவில் வைத்து, அந்த டப்பாவை வெற்றிலை பாக்கு பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார் பஞ்சநாதம். கூடவே அவர் மனைவி பார்வதமும் பட்டுப்புடவையில் வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சிவசுப்ரமணியன் மகரந்தத்தைத் தாய்ப் பூவில் வைத்தார். வைத்த கையோடு, எந்த ஈயும் உட்கார இடமில்லாமல், செருப்பு இதழைக் கார்த்யாயினியின் தையல் கத்தரியால் நறுக்கி எறிந்தார்.

“இனிமே நாம சம்பந்தி” என்றார் பஞ்சநாதம்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நம் ஊரில் விளையாட்டுக்குக்கூட மாப்பிள்ளை வீடு மாப்பிள்ளை வீடுதான். அடுத்த தடவை வந்தபோது பஞ்சநாதம் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கடுத்த தடவை முதல் காபி தனக்கு வரும் என்று காத்திருந்தார், வந்தது. “எங்க கொழந்தைங்கள நல்லாப் பாத்துக்கறீங்களா?” என்று விசாரித்தார். உலகத்தில் ஆர்கிட் வளர்ப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: புதுக் கலப்பினத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை தாய்ச்செடிக்காரருக்கு. பஞ்சநாதமும் அதைப் படித்திருந்தார். “ஆனா பேரு வெக்கிறது அப்பா வழிதானே சம்பந்தி” என்றார். சிவசுப்ரமணியன் யோசிக்காமல், “நீங்களே வையுங்க” என்றார். பஞ்சநாதம் ‘தில்லை வெண்மதி’ என்று வைத்தார். இன்னும் முளைக்கவே இல்லாத செடிக்கு.

இதற்கு நடுவில் புட்டிகள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் போய்வர வேண்டியிருந்தது. பஞ்சநாதத்தின் மகன் ராஜகணேஷ் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அவன் புட்டிகளைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவான். மஞ்சக்குப்பத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த சிவசுப்ரமணியனின் மகள் பிரீதா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வருவாள். புட்டியில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு வரவர அதிக நேரம் பிடித்தது. ஒருநாள் புட்டி இல்லாமலேயே அவன் வந்தான். இரு வீட்டிலும் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனால் சிவசுப்ரமணியன் அன்று கடையை மூடிவிட்டு வந்து மனைவியிடம், “என் மனசுல இருந்ததயே அதுங்க பண்ணிடுச்சுங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்ணைப் பெற்றவனுக்கு இதைவிட நிம்மதி வேறென்ன? வெள்ளைப் பூ மலர்ந்ததும் கல்யாணத் தேதி குறிப்பது என்று முடிவானது.

விதை தூவி நாலாவது வருஷம் மொட்டு வந்தது. கறுப்பாக வந்தது.

நிழல் என்று சிவசுப்ரமணியன் சொல்லிக்கொண்டார். இடம் மாற்றி வைத்துப் பார்த்தார், நிழலும் கூடவே மாறியது. பிறகு ஒரு காலையில் பூ விரிந்தது. நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம். மேல் இதழில் ரத்தக் கோடுகள், பையோ பீட்ரூட். பக்கத்துச் செடி மலர்ந்தது, அதுவும் அப்படியே. மூன்றாவதும் நான்காவதும் அக்காவைப் பார்த்துத் தங்கை மாதிரி அப்படியே. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானால்கூட ஒரு குரங்கோடு போகும். இங்கே தட்டு நிறையக் குரங்குகள். பூ என்னவோ அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

போனில் சொன்னார். பஞ்சநாதம் “நேர்ல வர்றேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வந்தார். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு பூவுக்குப் பின்னாலும் விட்டுப் பார்த்தார். சிவசுப்ரமணியனும் கார்த்யாயினியும் பிரீதாவும் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்கள் போல் நின்றார்கள்.

“ரூம ஜாஸ்தி குளிர வெச்சிட்டீங்க சம்பந்தி” என்றார் கடைசியில். “குளிர்ல செவப்பு ஏறும்.”

“இருக்கற செவப்புதான் ஏறும் மாமா” என்றாள் பிரீதா. “இல்லாத செவப்ப குளிர் எங்கேருந்து கொண்டு வரும்? அம்மாச் செடியும் இதே குளிர்லதான் நிக்குது. பச்சையாத்தானே பூத்திருக்கு?”

பஞ்சநாதம் விளக்கை அணைத்தார். “அப்போ வெளியிலேருந்து எதுவோ பூந்திருக்கு. ஈயோ கொசுவோ, வேற செடி மகரந்தத்தக் கொண்டாந்து வெச்சிருக்கு. எங்க பக்கம் அப்பன் பாட்டன்லேருந்து பச்சை-வெள்ளதான். கோளாறு பொண்ணு பக்கம்தான். தாய் சரியில்லன்னு சொல்லல. கவனிப்பு சரியில்ல.”

எல்லோரும் சிவசுப்ரமணியனைப் பார்த்தார்கள். ஈ புகவில்லை என்று அவருக்குத் தெரியும். பூட்டிய அறை, நறுக்கிய இதழ். கத்தரிக்குச் சொந்தக்காரி பக்கத்தில் நின்றாள். சொல்வதற்கு வாய்கூடத் திறந்துவிட்டார். ஆனால் எதிரே நிற்பது நண்பர் இல்லை, மாப்பிள்ளையின் அப்பா. அடுத்த ஞாயிறு தேதி குறிக்க வேண்டும். முதுகு தானாக வளைந்தது.

“ஆமா சம்பந்தி. ஈ பூந்திருக்கும். எங்க தப்புதான். மன்னிச்சுடுங்க.”

“அட, விடுங்க” என்றார் பஞ்சநாதம் பெரிய மனதோடு. “வெண்மதிங்கற பேர மட்டும் இதுக்கு வெக்க வேணாம். பேருக்குக் கெட்ட பேரு.” பிறகு இரண்டாவது காபி கேட்டார்.

அவர் போனதும் கார்த்யாயினி தையல் கத்தரியை எடுத்து வந்து சிவசுப்ரமணியன் எதிரில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பிரீதாதான் கேட்டாள்.

“எதுக்குப்பா பொய் சொன்ன?”

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? இது ஒண்ணுதானேம்மா.”

“மாப்பிள்ளைக்குச் சம்பளம் ஜாஸ்தின்னு சொல்றது அந்த ஆயிரத்துல வரும். செய்யாத தப்ப செஞ்சேன்னு சொல்றது வராது.” அவள் குரல் உயரவில்லை. ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களில் பெயர் ஒட்டும்போது பேசுகிற அதே குரல். “நாளைக்கு எனக்கு ஒரு கொழந்த பொறக்குது. அது அவுங்க நெனச்ச நெறத்துல இல்ல. அப்பவும் போய் ‘எங்க தப்புதான், ஈ பூந்திருக்கும்’னு சொல்லுவியாப்பா?”

என்ன பேச்சு பேசுகிறாள் என்று சிவசுப்ரமணியன் கத்த நினைத்தார். கத்தவில்லை. அப்போதும் அப்படித்தான் சொல்வார் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

பிரீதா அந்தப் பூவைப் படமெடுத்து ஆர்கிட் வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் போட்டாள். வடக்கே மலை ஊரான காலிம்பாங்கில் நர்சரி வைத்திருக்கும் ஒருவர், இதெல்லாம் எங்கள் ஊரில் பழைய கதை என்று பதில் எழுதியிருந்தார். சிவப்பு ஒரே வேலையில் உண்டாவது இல்லை. செடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வேலைகள் நடந்தால்தான் கடைசியில் நிறம் வரும். நடுவில் எந்த ஒரு வேலை நின்றாலும் பூ வெளுத்துவிடும். ஒரு செடியில் முதல் வேலை நின்றிருக்கும், இன்னொன்றில் வேறொரு வேலை நின்றிருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான். சேர்த்தால் இதில் இல்லாததை அது கொடுக்கும், அதில் இல்லாததை இது கொடுக்கும். பிள்ளைகள் எல்லாம் சிவப்பு.

அவள் படித்துக் காட்டி முடிக்குமுன்பே சிவசுப்ரமணியன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“ஓடாத ரெண்டு ஏசி! ஒண்ணுல கம்ப்ரசர் அவுட்டு, இன்னொண்ணுல கன்டென்சர் அவுட்டு. ரெண்டும் குளிராது. இதுலேருந்து அத எடுத்து அதுல மாட்டுனா ஓடும்! இதத்தான்ம்மா நான் கடையில தெனமும் பண்றேன்.”

“அப்போ கோளாறு யாரு பக்கம்?”

“ரெண்டு பக்கமும். இல்ல, எந்தப் பக்கமும் இல்ல.” அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் மெதுவாக இறங்கியது. “கல்யாணம் முடியட்டும். நிதானமா சம்பந்திக்கிட்ட எடுத்துச் சொல்றேன். இப்பப் போய் நீங்க சொன்னது தப்புன்னா, நல்லாவா இருக்கும்?”

பிரீதா போனை அணைத்தாள். “எனக்கு ராஜகணேஷப் புடிக்கும்ப்பா. ரொம்பப் புடிக்கும். அதனாலதான் சொல்றேன். ஞாயித்துக்கெழம தேதி குறிக்கறதுக்கு முன்னால நீ அவுங்க எதிர்ல உண்மையச் சொல்லணும். சொல்லலன்னா நான் எழுந்து வந்துடுவேன். கல்யாணம் வேணாம்.”

அந்த வாரம் முழுவதும் அவர் கடையில் வசனம் ஒத்திகை பார்த்தார். ஸ்டெபிலைசரிடம் சொல்லும்போது நன்றாகவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சிதம்பரம் போனார்கள். கீழ வீதியில் கோபுரம் பார்க்க வந்த கூட்டத்தைத் தாண்டி, கிளினிக் படியேறி மேலே போனால், பஞ்சநாதம் பஞ்சாங்கத்தோடு தயாராக இருந்தார். இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வந்தன. பார்வதம் நின்றுகொண்டே பரிமாறினாள். அந்த வீட்டில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ராஜகணேஷ் பிரீதாவைப் பார்த்துச் சிரித்தான். அவள் பாதிதான் சிரித்தாள்.

சிவசுப்ரமணியன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். இரண்டு தடவையும் பார்வதம் தண்ணீர் வைத்தாள். குடித்தார்.

“ஆவணியில ரெண்டு நாள் நல்லா இருக்கு” என்று பக்கத்தைப் புரட்டினார் பஞ்சநாதம். “மண்டபம் இங்கயே பாத்துடலாம். ஏசி மண்டபம். சம்பந்தி, அங்கயாவது ஈ பூராமப் பாத்துக்கணும்!”

அவரே சிரித்தார். சிவசுப்ரமணியனும் சிரித்தார். சிரித்த பிறகுதான் மகளைப் பார்த்தார். பிரீதா இட்லியைத் தொடவில்லை, கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பார்வதம் கொத்சுக் கரண்டியோடு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னாள்: “ஏன் எல்லாரும் அந்தப் பூவையே வைஞ்சிக்கிட்டிருக்கீங்க? செவப்பு அழகாத்தானே இருக்கு. கீழ எக்ஸ்ரே ரூம்ல நம்ப செடியும் அதே கலர்லதானே போன மாசம் பூத்துது.”

பஞ்சாங்கம் ஒரு பக்கத்தில் நின்றது.

“எந்தச் செடி?” என்றார் சிவசுப்ரமணியன்.

ராஜகணேஷ்தான் சொன்னான், தட்டைப் பார்த்துக்கொண்டே. தாம்பாளத்தோடு கடலூருக்கு வந்த அன்றே அப்பா இன்னொரு குச்சியில் கடலூர்ச் செடியின் மகரந்தத்தையும் எடுத்து வந்து, வீட்டுச் செடியில் வைத்தார். விதை பிடித்தது. புட்டியிலும் போட்டார். எல்லாம் சிவப்பு.

இதில் ஒரு விஷயம் இருந்தது. அந்தக் கலப்பில் மகரந்தம் கடலூருடையது. அதாவது பஞ்சநாதம் போட்ட சட்டப்படியே, சிவசுப்ரமணியனும் மாப்பிள்ளை வீடு. இத்தனை வருஷமாக மாப்பிள்ளை வீட்டுக்காரராக இருந்தும், ஒரு முதல் காபி இல்லை, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி இல்லை, பெயர் வைக்கக் கூப்பிடவும் இல்லை. சம்பந்தம் நடந்த தகவலே இல்லை.

“மாமியா ஒடைச்சா மண்கொடம்” என்றாள் கார்த்யாயினி மெதுவாக. மீதியை அவள் சொல்லவில்லை, அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் மீதி தெரியும்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” பிரீதா ராஜகணேஷைக் கேட்டாள்.

“தெரியும். கல்யாணத்துக்கப்புறம் நிதானமா சொல்லிக்கலாம்னாரு அப்பா. நானும் சரின்னுட்டேன். தப்புதான் பிரீதா.”

பிரீதா திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறார்களே என்று பார்த்தாள். சிவசுப்ரமணியனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. இந்தப் பெண்ணை இவர் மடியில் வைத்துக் காது குத்தியிருக்கிறார். அவள் அழுதபோது ஆசாரியை அடிக்கப் போயிருக்கிறார். அப்படிப்பட்டவர், ஒரு பூவின் நிறத்துக்காக அவள் கண்ணெதிரில் குனிந்து நின்றிருக்கிறார்.

எழுந்து நின்றார். ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வரவில்லை.

“ஈ பூரல சம்பந்தி. அன்னிக்கே நான் அந்த இதழ வெட்டி எறிஞ்சிட்டேன். ரூம்ல ஈயே கெடையாது. உங்களுக்குப் பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன். உங்க செடிலயும் கோளாறு இல்ல, என் செடிலயும் இல்ல. சேந்தா செவப்புதான் வரும், அதோட கொணம் அது. அதனால அன்னிக்கு நான் கேட்டேனே மன்னிப்பு, அத நான் திருப்பி எடுத்துக்கறேன்.”

பஞ்சநாதத்துக்கு இது புதிதாக இருந்தது. “கேட்ட மன்னிப்ப எப்படிங்க திருப்பி எடுக்கறது? கட்டுன பல்லா, கழட்டித் தர்றதுக்கு?”

“தெரியல. ஆனா அது என்னுது. உங்ககிட்ட இருக்கக் கூடாது.”

“அப்படித் திருப்பி வாங்க முடியுமாண்ணே?”

கேட்டது பார்வதம். கேலியாகக் கேட்கவில்லை. தபால் நிலையத்தில் விவரம் விசாரிப்பவள் போலக் கேட்டாள்.

“முடியும்னா எனக்கும் சொல்லுங்க. நான் குடுத்தது நெறைய இருக்கு. ராஜகணேஷுக்கு முன்னால ரெண்டு கலைஞ்சுது. ரெண்டு தடவையும் இவரு அம்மா கால்ல உழுந்து மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. கேட்டேன். இவரு பக்கத்துலதான் நின்னாரு. எதுக்குக் கேட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.” கரண்டியிலிருந்து கொத்சு சொட்டியது. அதை இடது கையில் ஏந்திக்கொண்டாள். “பொண்ணு பக்கம்தான் கோளாறுன்னு அப்பவும் இதே வார்த்தைதான் சொன்னாங்க.”

கீழே வீதியில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. ராஜகணேஷ் அம்மாவைப் பார்த்தான். அவனுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதை அவன் இப்போதுதான் கேள்விப்படுகிறான் என்று முகத்தில் எழுதியிருந்தது.

பஞ்சநாதம் பஞ்சாங்கத்தை மூடினார். “அதெல்லாம் எதுக்கு இப்ப? தேதியப் பாப்போம்” என்றார். திரும்பவும் திறந்தார், ஆவணி அகப்படவில்லை.

“தேதிக்கு அவசரமில்ல மாமா” என்றாள் பிரீதா. கைப்பையைத் தரையில் வைத்துவிட்டாள். “நான் எங்கயும் போகல. மொதல்ல அத்தைக்குக் குடுக்க வேண்டியத குடுங்க. அப்புறம் தேதி பாக்கலாம்.”

“ஆமாப்பா” என்றான் ராஜகணேஷ். அவன் அப்பாவிடம் அப்படிப் பேசியதில்லை.

சிவசுப்ரமணியன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். உட்காரலாமா என்று தெரியவில்லை. எதிரில் பஞ்சநாதத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஊர் வாயையெல்லாம் திறக்க வைத்த மனிதருக்குச் சொந்த வாய் திறந்து மூடியது. யாரும் அவருக்கு உதவிக்குப் போகவில்லை. சிவசுப்ரமணியனும் போகவில்லை.

பார்வதம் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். கணவருக்கு நேர் எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து, உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க” என்றாள்.